தாத்தா படித்த கத்தோலிக்கப் பள்ளியில் அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பது எப்படி? திருச்சியை முன்வைத்து ஒரு வழிகாட்டி

"உன் தாத்தா திருச்சி ஜோசப்பில் படித்தவர்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அந்த ஒரு வரியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்தின் முன்னால் போய் நின்றால், பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். பதிவேடு அங்கே இருக்கும், அவர் பெயரும் அதில் இருக்கும். ஆனால் நாம் தேடும் எழுத்தில், நாம் நினைக்கும் ஆண்டில், நாம் சொல்லும் பெயரில் அது இருக்காது. பழைய கத்தோலிக்க ஆண்கள் பள்ளிகளில் மூதாதையர் ஒருவரின் பதிவைத் தேட விரும்புவோர் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை எது, பள்ளியில் எதைக் கேட்க வேண்டும், கிடைத்ததை எப்படிப் படிக்க வேண்டும் என்பவற்றை இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகளைத் திருச்சிராப்பள்ளியிலிருந்தே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறேன். பாளையங்கோட்டைக்கும் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இதே வழி பொருந்தும்.

முதலில், எந்தப் பள்ளி?

இந்தக் கேள்வி அற்பமாகத் தோன்றும். ஆனால் தேடல் தடம் மாறுவது பெரும்பாலும் இங்கேதான். "கிறிஸ்தவப் பள்ளியில் படித்தார்" என்ற நினைவு கத்தோலிக்கப் பள்ளியையும் குறிக்கலாம், சீர்திருத்தச் சபைகளின் (புராட்டஸ்டன்ட்) பள்ளியையும் குறிக்கலாம். திருச்சியில் பிஷப் ஹீபர் பள்ளியும், மிஷனரி சுவார்ட்ஸ் தொடங்கிய செயின்ட் ஜான்ஸ் வெஸ்ட்ரி பள்ளியும் கத்தோலிக்கப் பள்ளிகள் அல்ல. பாளையங்கோட்டையில் சேவியர் பள்ளி கத்தோலிக்கத் துறவியரான இயேசு சபையாருடையது, ஜான்ஸ் பள்ளி சீர்திருத்தச் சபையாருடையது. தூத்துக்குடியில் சவேரியார் பள்ளிக்கும் கால்டுவெல் பள்ளிக்கும் அதே வேறுபாடு. அப்துல் கலாமைக்கூடச் சிலர் திருச்சி ஜோசப் பள்ளி மாணவர் என்று சொல்வதுண்டு. அவர் பள்ளியில் படித்தது இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில். திருச்சி ஜோசப்பில் அவர் படித்தது கல்லூரிப் படிப்பு. நாடறிந்த ஒருவரைப் பற்றியே இப்படிக் குழம்புகிறவர்கள், எண்பது ஆண்டுகளுக்கு முன் படித்த தாத்தாவைப் பற்றிக் குழம்புவதில் வியப்பில்லை.

இன்னொரு குழப்பம் கல்லூரிக்கும் பள்ளிக்கும் இடையில் எழுவது. திருச்சியில் தூய வளனார் (செயின்ட் ஜோசப்) கல்லூரியும் தூய வளனார் கல்லூரி மேல்நிலைப் பள்ளியும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. பள்ளியின் பெயரிலேயே "கல்லூரி" என்ற சொல் இருப்பதால், "ஜோசப் காலேஜில் படித்தேன்" என்று சொன்ன பெரியவர் ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி இறுதிவரை மட்டும் அங்கே படித்தவராக இருக்கலாம். பள்ளியின் பதிவேடு வேறு, கல்லூரியின் பதிவேடு வேறு. ஒன்றில் இல்லை என்று சொல்லப்பட்டவுடன் நம்பிக்கை இழக்காமல் மற்றொன்றையும் கேட்க வேண்டும். மேலும் இந்த நிறுவனம் 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கப்பட்டு, 1883இல்தான் திருச்சிக்கு இடம் பெயர்ந்தது. ஆகவே 1883க்கு முன் "ஜோசப்பில்" படித்த கொள்ளுத்தாத்தா ஒருவர் இருந்தால், அவர் தெப்பக்குளத்தையும் மலைக்கோட்டையையும் பார்த்தபடி படித்திருக்க மாட்டார். நாகப்பட்டினத்துக் கடற்காற்றில்தான் படித்திருப்பார்.

பெயரே சில சமயம் பள்ளியைக் காட்டிக்கொடுக்கும். தாத்தா கிறிஸ்தவராக இருந்து, அவர் பெயர் இராயப்பன், சின்னப்பன், அருளப்பன், சூசை, சவரிமுத்து என்று இருந்தால், அது கத்தோலிக்க வழக்கு. பேதுரு, பவுல், யோவான், யோசேப்பு என்று இருந்தால், பெரும்பாலும் சீர்திருத்தச் சபை வழக்கு. இரு சபையாரும் சேர்ந்து செய்த விவிலியப் பொதுமொழிபெயர்ப்பு 1995இல் வெளிவந்தது. அதனால் கத்தோலிக்கக் கோவில்களில் இப்போது பேதுரு, பவுல் என்று ஒலிப்பதை வைத்துப் பழைய காலத்தை எடைபோடக் கூடாது. இதற்கிடையே ஒன்றை மறக்க வேண்டாம்: கத்தோலிக்கப் பள்ளி என்பது கத்தோலிக்கர் மட்டுமே படித்த பள்ளி அல்ல. நகரத்து அக்கிரகாரத்துப் பிள்ளைகளும், கடைவீதி வணிகர் வீட்டுப் பிள்ளைகளும், முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே திரளாகப் படித்தார்கள். உங்கள் குடும்பம் எந்தச் சமயத்தைச் சேர்ந்ததாயினும் இந்தத் தேடல் உங்களுக்கும் உரியதே.

வீட்டில் என்ன தேட வேண்டும்

பள்ளிக்குப் போகும் முன் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதே முதல் வேலை. நீங்கள் தேட வேண்டிய தலையாய பொருள் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம். இன்றைய மதிப்பெண் சான்றிதழ்போல் ஒற்றைத் தாளாக இல்லாமல், அது கெட்டி அட்டை போட்ட சிறு புத்தகமாக இருந்தது; பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளங்கள், பள்ளியின் பெயர், தலைமையாசிரியர் கையொப்பம் எல்லாம் அதில் உண்டு. அது கிடைத்துவிட்டால் தேடலில் பாதி முடிந்தது என்றே சொல்லலாம். அதற்கு அடுத்தது மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. வேறு பள்ளியிலோ கல்லூரியிலோ சேர அதை ஒப்படைத்திருப்பார்கள் என்பதால் வீட்டில் இருப்பது அரிது. நகல் ஏதேனும் இருந்தால் அதிலுள்ள சேர்க்கை எண்ணை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பதிவேட்டின் பூட்டுக்கு அந்த எண்தான் சாவி.

இரண்டும் இல்லை என்றால், பணிப் பதிவேட்டின் நகல், ஓய்வூதியத் தாள்கள், பழைய பரிசுப் புத்தகங்கள் ஆகியவற்றைப் பாருங்கள். பரிசாகக் கொடுத்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் பள்ளியின் முத்திரையும் வகுப்பும் ஆண்டும் ஒட்டப்பட்டிருப்பது வழக்கம். வீட்டிலுள்ள வயதானவர்களிடம் கேட்கும்போது "எந்த வருஷம் படித்தார்?" என்று கேட்பதால் பயன் இல்லை. "அவர் படிக்கும்போது எங்கே தங்கியிருந்தார்? யார் வீட்டில் சாப்பிட்டார்? படிப்பை விட்டபோது கல்யாணம் ஆகியிருந்ததா? யுத்தம் தொடங்கியிருந்ததா?" என்று கேளுங்கள். ஆண்டு மறந்துபோகும், விடுதியில் போட்ட கஞ்சி மறப்பதில்லை.

வகுப்புக் கணக்கு இன்றைய கணக்கு அல்ல. "ஐந்தாம் பாரம் வரை படித்தார்" என்று சொன்னால் அது ஐந்தாம் வகுப்பு அல்ல. முதல் பாரம் என்பது ஆறாம் வகுப்பு. அந்தக் கணக்கில் ஐந்தாம் பாரம் பத்தாம் வகுப்பு, ஆறாம் பாரம் பதினோராம் வகுப்பு. எஸ்.எஸ்.எல்.சி. அந்தப் பதினோராம் வகுப்பின் முடிவில்தான் எழுதப்பட்டது. 1978இல் மேல்நிலைக் கல்வி வரும்வரை இந்தப் பதினோராண்டு முறையே நீடித்தது. ஒருவர் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஆண்டு தெரிந்தால், இடையில் தோற்கவில்லை என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து ஆறு ஆண்டு பின்னால் எண்ணினால் முதல் பாரத்தில் சேர்ந்த ஆண்டு கிடைக்கும். அதற்கு முன்பின் இரண்டிரண்டு ஆண்டுகளைச் சேர்த்துத் தேடும் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள். அதைவிடக் குறுகிய எல்லையோடு போக வேண்டாம் என்பது என் அனுபவம்.

பெயர் என்னும் சிக்கல்

இந்த வழிகாட்டியில் நீங்கள் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். 1837, 1838 ஆண்டுகளில் மதுரை மிஷனுக்கு, அதாவது மதுரை வட்டார மறைப்பணிக்கு, திரும்பி வந்த இயேசு சபையார் பிரெஞ்சுக்காரர்கள். கோவில் பதிவேட்டை இலத்தீனில் எழுதினார்கள். பள்ளிப் பதிவேட்டை அரசுக்காக ஆங்கிலத்தில் எழுதினார்கள். பையனை வீட்டில் தமிழில் கூப்பிட்டார்கள். ஒரே பையனுக்கு மூன்று பெயர் என்பது அக்காலத்தில் சாதாரணம். வீட்டில் சூசை, கோவிலில் யோசேப்புஸ், பள்ளியில் ஜோசப். வீரமாமுனிவர் தம் காப்பியத்தில் சூசையப்பருக்கு ஆண்ட "வளன்" என்ற பெயர் நான்காவது. இன்று பள்ளியும் கல்லூரியும் தமிழில் அந்தப் பெயரைத்தான் தாங்கியுள்ளன.

ஆகவே தேடுவதற்கு முன் தாத்தாவின் பெயருக்கு உரிய எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இராயப்பன் பீட்டராக இருப்பார். சின்னப்பன் பாலாக இருப்பார். அருளப்பன் ஜானாகவும், யாகப்பனும் சந்தியாகுவும் ஜேம்ஸாகவும், முடியப்பன் ஸ்டீபனாகவும் இருப்பார்கள். ஞானப்பிரகாசம் என்பவர் அலோசியஸ் என்று எழுதப்பட்டிருக்கலாம். மனுவேல் இம்மானுவேலாகவும், தனிஸ்லாஸ் ஸ்தனிஸ்லாவுஸாகவும் மாறியிருக்கலாம். அருளானந்தம் என்ற பெயர் ஓரியூரில் உயிர்துறந்த ஜான் டி பிரிட்டோவின் தமிழ்ப் பெயர் என்பதால், அதுவும் ஜான் என்ற தலைப்பில் ஒளிந்திருக்கக்கூடும்.

எங்கள் வீட்டில் எல்லோரும் "சின்னப்பு" என்று அழைத்த பெரியவர் ஒருவரைத் தேடி, வேறோர் ஊரின் பள்ளியில் நான் ஒரு முழுக் காலைப்பொழுதையும் செலவிட்டேன். நான்கு ஆண்டுகளின் பக்கங்களைப் புரட்டியும் சின்னப்பன் என்று ஒருவரும் அகப்படவில்லை. மதியம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, அலுவலக உதவியாளர் "பால்னு பார்த்தீங்களா?" என்று கேட்டார். மறுபடி உட்கார்ந்தபோது, இருபது நிமிடத்தில், காலையில் நான் இரண்டு முறை கடந்து சென்ற பக்கத்திலேயே அவர் இருந்தார். தவறு பதிவேட்டினுடையது அல்ல, என்னுடையது.

எழுத்துக்கூட்டலும் ஒரு தனிப் பாடு. ஆங்கில வழியில் "சூசை" என்பதை மூன்று நான்கு விதமாக எழுதலாம். சவரிமுத்துவை "ச"வில் தொடங்கும் எழுத்தால் எழுதியவரும் உண்டு, "ச்ச" என்று ஒலிக்கும் இரட்டை எழுத்தால் எழுதியவரும் உண்டு. புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து வந்த பையன் என்றால், பிரெஞ்சு முறையில் "உ" ஒலிக்கு இரண்டு எழுத்துகள் போட்டு, "முத்து" என்ற மூன்றெழுத்துப் பெயரை நீட்டி முழக்கி எழுதியிருப்பார்கள். கத்தோலிக்கர் அல்லாதோரின் பெயர்களில் சிக்கல் வேறுவிதமானது: பிள்ளை, ஐயர், முதலியார், செட்டியார், இராவ் போன்ற பட்டங்கள் பெயரோடு ஒட்டி எழுதப்பட்டன, பின்னாளில் குடும்பம் அதைக் கைவிட்டிருந்தால் இன்று யாரும் அந்தப் பட்டத்தோடு தேட நினைப்பதில்லை.

அதனால் நான் இப்போதெல்லாம் பெயரைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் ஊரைப் பார்க்கிறேன், பிறகு தகப்பனார் அல்லது காப்பாளர் பெயரை, பிறகு தகப்பனாரின் தொழிலை. பெயரின் வடிவம் மாறிக்கொண்டே போகும். புள்ளம்பாடியிலிருந்து வந்த பையனின் ஊர் புள்ளம்பாடியாகவே இருக்கும்.

பள்ளி அலுவலகத்தில்

முன்கூட்டியே கடிதம் எழுதாமல் போவது நல்லதல்ல. கடிதத்தைத் தலைமையாசிரியருக்கு எழுதி, தாளாளருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். இயேசு சபையார் நடத்தும் வளாகத்தில் இவர்களுக்கு மேல் அதிபர் ஒருவரும் இருப்பார். அவர் அருட்தந்தை என்பதால் "மதிப்புக்குரிய தந்தை அவர்களுக்கு" என்று தொடங்குவதே மரபு. பள்ளி அலுவலகத்தில் எல்லோரும் அவரை "ஃபாதர்" என்றுதான் சொல்வார்கள், நீங்களும் அப்படியே அழைக்கலாம்.

கடிதத்தில் நான்கு செய்திகள் போதும்: நீங்கள் யார், தேடப்படுபவர் உங்களுக்கு என்ன உறவு, அவர் படித்ததாகக் கருதும் காலம், எதற்காகத் தேடுகிறீர்கள். நான்காவதைத் தெளிவாகவும் முதலிலேயும் சொல்லிவிடுங்கள். பழைய சேர்க்கைப் பதிவேடுகளில் சமயமும் சாதியும் எழுதப்பட்டிருக்கின்றன. சாதிச் சான்றிதழ் வழக்குகளிலும் சொத்து வழக்குகளிலும் பிறந்த தேதி வழக்குகளிலும் அவை சாட்சியமாகக் கொண்டுவரப்படுகின்றன. ஆகவே முன்பின் அறியாத ஒருவர் வந்து எழுபது எண்பது ஆண்டுப் பதிவேட்டைக் கேட்டால் அலுவலகத்தினர் தயங்குவது நியாயமே. "குடும்ப வரலாறு எழுதுகிறேன், சான்று எதுவும் வேண்டாம், உங்கள் கண்முன்னாலேயே பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதினால் பாதித் தயக்கம் நீங்கிவிடும். உங்களுக்கு உண்மையில் தேவைப்படுவது சட்டச் சான்று என்றால் இந்த வழியே வேண்டாம். அதற்குரிய விண்ணப்ப முறை வேறு, இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். உறவைக் காட்ட ஏதேனும் ஓர் ஆவணமும், அவர் காலமாகிவிட்டார் என்பதற்கான இறப்புச் சான்றிதழின் நகலும் கையில் இருக்கட்டும். உயிரோடு இருப்பவரின் பதிவை அவருடைய ஒப்புதல் இல்லாமல் கேட்காதீர்கள்.

போகும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மார்ச்சும் ஏப்ரலும் பொதுத்தேர்வுக் காலம். மே, ஜூன் மாதங்கள் சேர்க்கைக் காலம். அந்த நான்கு மாதங்களில் அலுவலகத்தில் உட்காரக்கூட இடம் இராது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்டு வரையும், பொங்கல் விடுமுறைக்குப் பிந்திய இரண்டு வாரங்களும் ஏற்றவை. ஜூலை 31 புனித இஞ்ஞாசியார் திருநாள். இயேசு சபைப் பள்ளிகளில் அன்றும் அதற்கு முன்னாளும் வேறு வேலை நடக்காது. மார்ச் 19 சூசையப்பர் திருநாள், டிசம்பர் 3 சவேரியார் திருநாள். அந்தந்தப் புனிதர் பெயரைத் தாங்கிய பள்ளிக்கு அந்தந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

உள்ளே போனதும் கேட்க வேண்டியது "சேர்க்கைப் பதிவேடு". "பழைய ரெக்கார்டு" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் எதை எடுப்பது என்று அவர்களுக்கும் தெரியாது. வருகைப் பதிவேடும் கட்டணப் பதிவேடும் காலக்கெடு முடிந்ததும் கழிக்கப்பட்டுவிடும். சேர்க்கைப் பதிவேடு மட்டும் நிரந்தரமாகக் காக்கப்பட வேண்டியது. அதில் சேர்க்கை எண், சேர்ந்த தேதி, மாணவர் பெயர், தகப்பனார் அல்லது காப்பாளர் பெயர், தொழில், ஊர், சமயம், பிறந்த தேதி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, விலகிய தேதி, விலகிய வகுப்பு, காரணம், மாற்றுச் சான்றிதழ் எண் என்று ஒரே வரி இரண்டு பக்கங்களுக்குக் குறுக்கே ஓடும். அந்த வரியை இடமிருந்து வலமாக, ஒரு கட்டமும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். பெயரைக் கண்ட மகிழ்ச்சியில் வலப்பக்கத்தை மறந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்களை நான் அறிவேன். "முன்பு படித்த பள்ளி" என்ற கட்டம்தான் அடுத்த தேடலுக்கு வழி. "விலகிய காரணம்" என்ற கட்டத்தில் சில சமயம் ஒரு குடும்பத்தின் கதையே இரண்டு சொல்லில் இருக்கும்.

சேர்க்கைப் பதிவேட்டில் இல்லை என்றால் மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தின் அடிக்கட்டைகளைக் கேளுங்கள். விடுதி மாணவராக இருந்திருந்தால் விடுதிக் கணக்கு தனியாக இருந்திருக்கும். பள்ளி அலுவலகத்தில் அது இராது, தந்தையர் இல்லத்தில் கேட்க வேண்டும். பள்ளி ஆண்டு மலர்களும் நூலகத்தில் இருந்தால் பாருங்கள். தேர்வில் தேறியோர் பட்டியல், பரிசு பெற்றோர் பட்டியல், மரியாயின் சபை உறுப்பினர், நாடகத்தில் நடித்தவர் என்று பெயர்கள் வருவது அங்கேதான். குழுப் புகைப்படத்தில் இருப்பவர்களின் பெயர் வரிசை பெரும்பாலும் இடமிருந்து வலமாக எழுதப்பட்டிருக்கும்; ஆனால் தரையில் அமர்ந்த சிறுவர்களை விட்டுவிட்டு நாற்காலியில் அமர்ந்தோரிடமிருந்து எண்ணத் தொடங்கியிருப்பார்கள். தாத்தா தரையில் இருந்தாரா என்று பார்த்துவிட்டு எண்ணுங்கள்.

பதிவேட்டைக் கையாளும் முறையைப் பற்றி இரண்டு வார்த்தை. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள். மையில் எழுதும் பேனாவைப் பையிலிருந்தே எடுக்க வேண்டாம்; பென்சில் போதும். இராமபாணப் பூச்சி துளைத்த பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க முயலாமல் அலுவலகத்தாரிடம் சொல்லிவிடுங்கள். படம் எடுக்க அனுமதித்தால் மின்னொளி இல்லாமல் சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். அந்தப் பக்கத்திலுள்ள பிற மாணவர்களின் வரிகளை வெள்ளைத்தாளால் மறைத்துவிட்டு எடுப்பது மரியாதை, சில அலுவலகங்களில் அதுவே நிபந்தனை.

பிறந்த தேதியை நம்பலாமா?

முழுதாக நம்பக் கூடாது. பள்ளியில் சேர்த்தவர் பெரும்பாலும் தகப்பனார்; சில சமயம் மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ ஊர்க் கணக்கரோ. "வயசு என்ன?" என்று எழுத்தர் கேட்க, "பத்து இருக்கும்" என்று வந்தவர் சொல்ல, எழுத்தர் சேர்க்கை நாளுக்குத் தக்கபடி ஒரு தேதியை எழுதிக்கொண்ட காலம் அது. ஒரே பக்கத்தில் பல பையன்கள் ஜூன் மாதத்திலேயே பிறந்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கே புரிந்துவிடும். அரசுப் பணிக்கு வயது உதவும் என்று ஓரிரு ஆண்டு குறைத்துச் சொன்னவர்களும் உண்டு. பதிவேடு சொல்வது பையன் பிறந்த நாளை அல்ல, பள்ளிக்குச் சொல்லப்பட்ட நாளை.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இதைச் சரிபார்க்க ஒரு நல்ல வழி இருக்கிறது. குழந்தை பிறந்த சில நாள்களுக்குள் ஞானஸ்நானம் கொடுப்பது அக்கால வழக்கம் என்பதால், பங்குக் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேட்டிலுள்ள பிறந்த நாள் பள்ளிப் பதிவேட்டைவிட நம்பத்தக்கது. பங்குத் தந்தைக்குத் தனிக் கடிதம் எழுதிக் கேளுங்கள். அந்தப் பதிவு இலத்தீனில் இருக்கும். அதில் ஒரு பொறி உண்டு. மாதங்களைச் சுருக்கி எழுதும்போது 7 என்ற எண்ணை எழுதிப் பக்கத்தில் "பிரிஸ்" என்று சேர்த்திருப்பார்கள். அது ஜூலை அல்ல, செப்டம்பர். இலத்தீனில் "செப்தெம்" என்றால் ஏழு. அதேபோல் 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமானிய முறையில் எழுதிய பத்து டிசம்பர். இதை அறியாமல் தாத்தாவின் பிறந்தநாளை இரண்டு மாதம் முன்னுக்குத் தள்ளிக் கொண்டாடும் குடும்பங்கள் இருந்தால் வியப்படைய மாட்டேன்.

பதிவின் ஓரக்குறிப்பையும் பாருங்கள். 1908 முதல் நடைமுறைக்கு வந்த திருச்சபை ஆணைப்படி, ஒருவரின் திருமணம் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்கப்பட வேண்டும். அங்கே பாட்டியின் பெயர் இருந்துவிட்டால், ஒரே ஊரில் ஒரே பெயரில் இருந்த மூன்று அந்தோணிமுத்துகளில் நம் தாத்தா யார் என்ற ஐயம் தீர்ந்தது. ஞானத்தகப்பன், ஞானத்தாய் பெயர்களும் உறவுமுறையைக் காட்டும்.

எந்தக் கோவில் என்பதிலும் கவனம் வேண்டும். ஒரே ஊரில் பிரெஞ்சுக் குருக்களிடம் ஒரு கோவிலும், போர்த்துக்கீசிய அரசின் ஞான ஆதரவு உரிமையின் (கோவில்களை ஆதரித்துக் குருக்களை நியமிக்கும் உரிமையின்) கீழ்க் கோவா குருக்களிடம் இன்னொரு கோவிலும் இருந்த காலம் உண்டு. திருச்சியிலேயே பாலக்கரை வியாகுல மாதா கோவில் கோவா குருக்களுடையதாகவும், மேலப்புதூர் மரியன்னை பேராலயம் பிரெஞ்சுக் குருக்களுடையதாகவும் இருந்தன. ஒரு கோவிலில் பெயர் இல்லையென்றால் மற்றொன்றைக் கேட்க வேண்டும்.

கோவில் பதிவேடு சிதைந்துபோயிருந்தால் ஆயர் இல்லத்தை நாட வேண்டிவரும். அங்கே மறைமாவட்ட எல்லைகள் மாறியதை நினைவில் கொள்ளுங்கள். திருச்சி மறைமாவட்டத்திலிருந்து தூத்துக்குடி 1923இலும், மதுரை 1938இலும் பிரிந்தன. மதுரையிலிருந்து பாளையங்கோட்டை 1973இலும் சிவகங்கை 1987இலும் பிரிந்தன. கும்பகோணம் 1899இல் புதுச்சேரியிலிருந்து பிரிந்தது; தஞ்சாவூர் 1952இல் மயிலாப்பூரிலிருந்து பிரிந்தது. தாத்தா பிறந்த ஆண்டில் அந்த ஊர் எந்த ஆயரின் கீழ் இருந்தது என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு, இன்றைய ஆயர் இல்லம், அன்றைய ஆயர் இல்லம் என்ற வரிசையில் எழுதுங்கள்.

ஆவணக் காப்பகங்கள்

கொடைக்கானலுக்கு அருகிலுள்ள செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி வளாகத்தில் இயேசு சபையின் மதுரை மாநில ஆவணக் காப்பகம் பேணப்பட்டுவந்தது. அங்கே தாத்தாவின் பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். மிஷனரிகளின் கடிதங்களும் அவரவர் எந்த ஆண்டு எங்கே பணியாற்றினார்கள் என்ற பட்டியல்களும்தான் அங்கே பெரிது, அவையும் பெரும்பாலும் பிரெஞ்சிலும் இலத்தீனிலும். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலுள்ள கிறுக்கலான கையொப்பம் எந்தத் தந்தையுடையது என்று அறிய அந்தப் பட்டியல் உதவும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கல்வித் துறைக் கோப்புகள் உள்ளன. பள்ளியின் அங்கீகாரம், மானியம், கட்டடம் பற்றியவை அவை. தனி மாணவரைத் தேட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பள்ளியின் வரலாற்றையும் சேர்த்து எழுத விரும்புவோர் மட்டும் போகலாம்.

கிடைத்த பின்

எழுதிய குறிப்பை அன்று மாலையே சுத்தமாகப் படி எடுத்துவிடுங்கள். மறுநாள் பார்த்தால் உங்கள் பென்சில் எழுத்தே உங்களுக்குப் புரியாது. பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, பிழையோடும், எழுதுங்கள். "பால்" என்று இருப்பதைச் "சின்னப்பன்" என்று திருத்திவிட்டால் உங்களுக்குப் பின் தேடுபவர் மறுபடி காலைப்பொழுதை இழப்பார். உங்கள் விளக்கத்தை அடுத்த வரியில் தனியே எழுதுங்கள். பதிவேடு எண், பக்கம், சேர்க்கை எண், பார்த்த நாள் ஆகிய நான்கும் அதன் கீழே இருக்கட்டும். பெயரோ தேதியோ தவறாக இருக்கிறதென்று பதிவேட்டிலேயே திருத்தச் சொல்லிக் கேட்காதீர்கள்; அவர்களுக்கு அந்த அதிகாரம் இல்லை, கேட்பவர்மேல் ஐயம் மட்டும் எழும்.

ஒரு மாதத்துக்குள் தலைமையாசிரியருக்கு நன்றிக் கடிதம் எழுதுங்கள். அதோடு உங்களிடம் உள்ள தாத்தாவின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் நகலையோ, வகுப்புப் புகைப்படத்தின் நகலையோ, படத்திலுள்ளவர்களில் உங்களுக்குத் தெரிந்த பெயர்களோடும் சேர்க்கை எண்ணோடும் சேர்த்து அனுப்பிவையுங்கள். அந்தப் படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்கும் பெயர் தெரியாத பையனைத் தேடிக்கொண்டு இன்னொரு வீட்டிலிருந்து யாரேனும் அதே அலுவலகத்துக்கு வரக்கூடும்.